ரெண்டு நிமிஷம் கம்முனு

பயப்படாதீங்க. ஒண்ணுமே இல்லீங்க. ரெண்டாவது மாடி தாண்டி மூணாவது மாடிக்குப் போறதுக்குள்ள நின்னு போச்சு, அவ்வளவுதான். கயிறு அறுந்துருமோ, கீழ விழுந்துருமோன்னு ரோசனையே பண்ண வேண்டாம். மத்தவங்க சொன்னா நீங்க நம்ப வேண்டாமுங்க, நான் சொன்னா நம்பலாம். ஏன்னா இந்த லிஃப்ட்டை நிறுத்துனதே நான்தான்.

அட, அப்படிப் பார்க்காதீங்க. நான் ஒரு பட்டனையும் அமுத்தலை. இந்தக் கூரைத் தகட்டுக்கு மேல ஒரு சின்னப் பொட்டி இருக்குதுங்க. அதுக்குள்ள உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு. அது நான் பண்ணுனது. அதுதான் நிறுத்தியிருக்குது. என்ற பேரு சென்னியப்பனுங்க. கணபதி ஏரியாவுல எலக்ட்ரானிக்ஸ் பட்டறை வச்சிருக்கறன், இருபத்திரெண்டு வருசமாச்சு.

பெல் அடிச்சாச்சு. வாட்ச்மேன் கீழயிருந்து கத்துனது உங்களுக்கும் கேட்டுச்சில்லீங்களா? லிஃப்ட் கதவைத் திறக்கற சாவிக்காரர் சிங்காநல்லூர்ல இருந்து வரணுமாம். வந்துருவாருங்க. இந்த வெய்யில்ல, அந்த சிக்னல்லையெல்லாம் நின்னு, ஒரு முக்கால் மணி நேரம்னு வைங்க.

இருங்க, இருங்க. அந்த ஃபேன் சுவிட்ச்சைத் தொடாதீங்க. இந்த வேக்காட்டுல அதையும் நிறுத்துனா ரெண்டு பேரும் இட்லியா வெந்துருவோம். ஏறுனதும் நானே போட்டது. நல்ல ஃபேனுங்க இது. புதுசுதான் போலிருக்குது, எப்படிக் கொய்ங்குனு பாடுது பாருங்க. அது பாடட்டும்.

நான் இப்படி சாஞ்சு நின்னுக்கறனுங்க. நீங்களும் அந்தப் பையைக் கீழ வைங்க. தைச்ச ரவிக்கைங்களா? மூணாவது மாடியில தையல்கடையா உங்களுக்கு? அப்ப தெனமும் இதுலதான் வந்து போவீங்க. பயமில்லாம வந்து போங்க. அதுக்குத்தானுங்க இந்தப் போர்டே.

என்ன செய்யுதுன்னு சொல்றன், கேளுங்க. பொழுதும் போகும். இது லிஃப்ட்டுக்கு நாடி பார்க்குதுங்க. கூண்டு போறப்ப கொஞ்சம் ஆடுமில்லீங்களா? ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை ஆடுதுன்னு அளந்துக்கிட்டே இருக்கும். அதைத்தான் ஃப்ரீக்வென்சிங்கறது. ஒண்ணு ரெண்டுன்னா அது சாதாரண ஆட்டம், உடுங்க. பத்துக்குப் பக்கத்துல வந்துச்சுன்னா, கூண்டு வழுக்கிட்டுப் போற இரும்புத் தண்டவாளத்துல கோளாறுன்னு அர்த்தம். அதுக்கு மேல ஒரு அடி ஓட உடக்கூடாது. பட்டுனு நிறுத்திரும். நிறுத்திருச்சுங்களா இல்லீங்களா? அப்ப போர்டு நல்ல போர்டு.

அளக்கறதுன்னா சாதாரணமில்லீங்க. நகத்தளவு ஒரு சில்லு. அது செகண்டுக்கு நானூறு தடவை கண்ணைத் திறந்து பார்க்கும். கூண்டு இப்ப இந்தப் பக்கம் இருக்குது, இப்ப அந்தப் பக்கம் இருக்குதுன்னு நானூறு தடவை. பார்த்ததையெல்லாம் வச்சுக் கணக்குப் போட்டு, இத்தனை ஆட்டம்னு சொல்லிரும். ஆஸ்பத்திரியில நாடி பார்க்கற நர்ஸம்மா கூட அத்தனை வெசையாப் பார்க்க மாட்டாங்க.

என்னங்க? ஏதோ சொல்ல வந்தீங்க. இருங்க, இதை முடிச்சிடறன், அப்புறம் மறந்துருவேன்.

அந்தச் சில்லுக்குள்ள ஓடற புரோகிராம் நான் எழுதலீங்க. பொய் சொல்லக்கூடாது. துளசிமணின்னு ஒரு புள்ளை. நம்பியூர்ப் பக்கம். காலேஜ் முடிச்ச கையோட என்றகிட்ட வந்துச்சு, நாலு வருசம் இருந்துச்சு. வேலையில சுத்தம்னா அத்தனை சுத்தமுங்க. ஒரு ஒயரை மடக்குனாக்கூட துணி மடிச்ச மாதிரி இருக்கும். நான் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அம்மணின்னுதான் கூப்பிடுவேன். என்ற புள்ளை மாதிரி நினைச்சுத்தானுங்க. ஒரு தடவை, சார், பேர் சொல்லியே கூப்பிடுங்கன்னு சொல்லுச்சு. என்ன அம்மணி, அதுலென்ன இருக்குதுன்னு சிரிச்சுட்டேன்.

ஒரே ஒரு குறைதான். வாய். கம்முனு இருக்கத் தெரியாது. உங்களை மாதிரி பொறுமையா ஒரு ஆள் பேசறதைக் கேட்கத் தெரியாது.

அது என்ன சொல்லுச்சுன்னா, நானூறு தடவை பார்க்கற கண்ணு எரநூறு ஆட்டம் வரைக்கும்தான் ஒழுங்காப் பார்க்குமாம். அதுக்கு மேல வேகமா ஆடுனா, மெதுவா ஆடற மாதிரி பொய்யாத் தெரியுமாம். அதனால வேகமான ஆட்டத்தையெல்லாம் உள்ள வர்றதுக்கு முன்னாடியே வடிகட்டிடணும், ஒரு ஃபில்டர் வைக்கணும்ங்குது. பெரிய சாமானில்லீங்க. அரிசி மணியாட்டம் ரெண்டு சாமான். போர்டுல அதுக்கு இடமெல்லாம் போட்டு வச்சிருந்துச்சு. நான்தான் வைக்க வேண்டாம்னுட்டேன். லிஃப்ட்டுல எங்க அம்மணி முன்னூறு நானூறுன்னு ஆடப்போகுது, இது என்ன மிக்ஸியான்னு கேட்டனுங்க. இருபத்திரெண்டு வருசத்துல எத்தனை மீட்டர் பண்ணியிருக்கறன். வேண்டாததை வைக்காம இருக்கறதுதானுங்க தொழில் தெரிஞ்சவனுக்கு அழகு.

இப்பவும் மேல அந்த ரெண்டு இடம் காலியாத்தான் இருக்கும். ரெண்டு வெள்ளிப் பொட்டாட்டம்.

ஏனுங்க, மறுபடியும் அந்த சுவிட்ச்சுக்கே கை போகுது? கூச்சல் தலைவலிக்குதுங்களா? பொறுத்துக்கங்க. காத்து வேணுமில்லீங்களா. எனக்கு மூச்சு ஒரு மாதிரி முட்டுது. பயமெல்லாம் இல்லீங்க. மூடுன இடம்னா சின்னதுல இருந்தே எனக்கு ஒரு இது. அதுக்குத்தான் பேசிக்கிட்டே இருக்கறன். பேசறப்ப தெரியாது.

எங்க உட்டேன்? ஆங், அந்தப் புள்ளையோட வாய். அதுக்கு ஒரு கடிகாரக் கதை இருக்குதுங்க.

இந்த நாலாவது மாடியில லிஃப்ட் கம்பெனி ஆபீஸ் இருக்குதில்லீங்களா, அங்கிருந்து லோகநாதன்னு மேனேஜர், கூட இன்னும் ரெண்டு பேர், என்ற பட்டறைக்கு வந்திருந்தாங்க. போர்டைப் பார்க்கறதுக்கு. நான் எல்லாம் விளக்கிச் சொல்லிட்டிருக்கறன். நல்லாப் போயிட்டிருக்குது. திடீர்னு இந்தப் புள்ளை எந்திரிச்சுப் போயி செவுத்துக் கடிகாரத்தைக் கழட்டிட்டு வருது. வந்தவங்க முன்னாடி மேசையில வச்சு, பின்னாடி திருகைத் திருப்பிக்கிட்டே சொல்லுதுங்க, "சார், அம்பத்தொம்பது நிமிசத்துக்கு ஒருக்கா மட்டும் இதைப் பாருங்க. பெரிய முள்ளு மொதல்ல பன்னெண்டுல இருக்கும். அடுத்த தடவை ஒரு நிமிசம் பின்னாடி இருக்கும். அதுக்கடுத்து இன்னொரு நிமிசம் பின்னாடி. கடிகாரம் மெதுவாப் பின்னாடி ஓடுதுன்னு சத்தியம் பண்ணுவீங்க. கடிகாரம் சரியாத்தான் சார் ஓடுது. பார்க்கறவங்க பார்க்கற விதந்தான் தப்பு."

பார்க்கறவங்கங்கறது யாரை? அங்க என்னையத் தவிர யாரு இருந்தா? மூணு வெளியாளுங்க முன்னாடி. எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சுங்க. நான் கத்தலை. சிரிச்ச முகமாத்தான் சொன்னேன். "அம்மணி, கம்முனு இரு. அதைக் கொண்டு போயி மாட்டிட்டு, அஞ்சு டீ சொல்லு."

தப்புங்களா? நீங்களே சொல்லுங்க. வேண்டாம், நானே சொல்றன். அதுல தப்பே இல்லீங்க. அது போயி கடிகாரத்தை மாட்டுச்சு, டீ சொல்லுச்சு. அஞ்சுன்னா வந்த மூணு பேரு, நான், அது. அஞ்சாவது டீ ஆறிப் போயி அப்படியே இருந்துச்சு. அதுக்கு அப்புறம் ரெண்டு வாரம் புரோகிராமெல்லாம் முடிச்சுக் குடுத்துச்சு. முடிச்ச அன்னைக்கு என்னமோ சொல்ல வந்துச்சு, லிஃப்ட் நின்னா வெளிய வர்றதுக்கு ஒரு வழி எழுதியிருக்கறன் சார்னு. சரி சரி, கம்முனு வேலையைப் பாருன்னுட்டேன். இந்த லிஃப்ட்டுல போர்டை மாட்டறதுக்கும் அந்தப் புள்ளையேதான் வந்துச்சு. நான் கீழ நின்னுக்கிட்டேன், கூண்டுக்குள்ள எனக்கு ஆகாதுன்னுதான் சொன்னனே. மறுநாள் வேலையை உட்டு நின்னுருச்சு. சொல்லாமக் கொள்ளாம இல்லீங்க, சொல்லிட்டுத்தான் போச்சு. நான் போன்ல பேசிட்டிருந்தேன். கையை மட்டும் ஆட்டுனேன்.

நாலு வருசம் கூட இருந்த புள்ளைங்க. அப்படி உட்டுட்டுப் போகலாமா? எனக்கு மனசு பொக்குனு போச்சு. ரெண்டு மாசமா அந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலே ஆத்திரம் வருது.

அதுல பாருங்க, இந்த ரெண்டு மாசத்துல இந்த லிஃப்ட் மூணு தடவை நின்னுச்சாம். லோகநாதன் போன் பண்ணுனார். பசங்க உள்ள குதிச்சிருப்பாங்க, வேறொண்ணுமில்லைன்னு சொன்னேன். நேர்ல வந்தெல்லாம் பார்க்கலை. மூணு தடவையும் கொஞ்ச நேரத்துல தானா இறங்கிருச்சாமே. பார்த்தீங்களா, தானாவே சரியாயிருச்சு.

நீங்களுமா? அதுல ஒரு தடவை நீங்களுமா இருந்தீங்க? அப்படிங்களா. அப்ப பழக்கந்தான் உங்களுக்கு. அதுதான் இத்தனை நிதானமா இருக்கறீங்க. நானும் நிதானமாத்தான் இருக்கறன்.

இன்னைக்கு நான் வந்தது எதுக்குன்னா, ஒரு கையெழுத்துக்கு. போர்டுல ஒரு கோளாறும் இல்லை, நின்னதுக்கு ஆளுங்க குதிச்சதுதான் காரணம்னு ஒரு காகிதம். நான் அதுல கையெழுத்துப் போட்டாச்சுன்னா நாப்பது லிஃப்ட்டுக்கு இதே போர்டு. நாப்பதுங்க. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு மூணுக்கும் ஒட்டுக்காச் சேர்த்து. என்ற ஆயுசுல அப்படி ஒரு வேலை வந்ததில்லை. லோகநாதன் பன்னெண்டரைக்கு ரயிலுக்குக் கிளம்பறாராம், அதுக்குள்ள நான் மேல இருக்கணும். இப்ப மணி என்னங்க? பன்னெண்டு அஞ்சா?

இருங்க, போன் வருது. அவருதான். வணக்கமுங்க. வந்துட்டனுங்க. கீழதான் இருக்கறன், ஒரு டீயைக் குடிச்சிட்டு வந்தர்றன். காகிதம் ரெடிங்களா? சரிங்க சரிங்க.

வேற என்னங்க சொல்லச் சொல்றீங்க? என்ற போர்டே என்னைய உள்ள வச்சுப் பூட்டிருச்சு, அதுல கோளாறில்லைன்னு கையெழுத்துப் போட வர்றேன்னா சொல்ல முடியும்?

யப்பா, என்ன புழுக்கம். இந்தச் செவுரு நாலும் கொஞ்சம் கொஞ்சமாக் கிட்ட வர்ற மாதிரி உங்களுக்குத் தெரியலீங்களா? எனக்குத் தெரியுது. முதுகெல்லாம் வேர்த்துக் கொட்டுது. சாவிக்காரர் வர மாட்டாருங்க. சொல்லிடறன் கேளுங்க, பயமாத்தானுங்க இருக்குது. நடந்துக்கிட்டே இருந்தாத் தேவலை. இங்க நடக்கறதுக்கு மூணு அடி கூட இல்லை.

ஒரு வழிதான் இருக்குது. அந்தப் புள்ளைக்குப் போன் பண்றது. ரெண்டு மாசமாப் பண்ணலை. அதுதான் பண்ணட்டும்னு இருந்தேன். பண்ணுங்கறீங்களா? தலையை ஆட்டறீங்க. சரி, உங்களுக்காகப் பண்றனுங்க.

ரிங் போகுது.

அம்மணி, நான்தான். நல்லா இருக்கறயா. நான் நல்லாத்தான் இருக்கறேன். ஒண்ணுமில்லை, அந்த லிஃப்ட்டுல... ஆமா, உள்ளதான். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல. இருபது நிமிசமாச்சு. ஃபேனா? ஓடுதே. ஏன், அதுக்கென்ன? நிறுத்தறதா? அம்மணி, வெந்து போயிருவோம், கூட ஒரு அம்மா வேற இருக்கறாங்க. என்ன? கூரை மேல ஃபேனும் போர்டும் ஒரே தகட்டுலயா? ஃபேன் ஆட்டத்தை அளந்தயா? எப்ப? மாட்டுன அன்னைக்கேவா? எத்தனை?

முன்னூத்தித் தொண்ணூறு.

சொல்ல வேண்டாம் அம்மணி. புரிஞ்சுது. நானூறுல முன்னூத்தித் தொண்ணூறு போனா பத்து. ஃபேன் ஆட்டம் போர்டுக்குப் பத்தாப் பொய்யாத் தெரிஞ்சிருக்குது. அம்பத்தொம்பது நிமிசக் கடிகாரம்.

லைன்ல இருக்கறயா? சரி, சொல்லு. என்ன எழுதியிருக்கற? ஸ்டிக்கரா? எங்க? கதவுக்கு எதிர்ச் செவுத்துலயா? இங்க ஒண்ணும் ஸ்டிக்கரைக் காணமே.

ஏனுங்க, என்னைய எதுக்குத் தள்ளறீங்க?

அட.

நான் சாஞ்சு நின்ன இடம். "லிஃப்ட் நின்றால் பயப்பட வேண்டாம். ஃபேனை நிறுத்தவும். இரண்டு நிமிடம் அசையாமல் நிற்கவும். தானாகவே பக்கத்து மாடிக்குச் செல்லும்." வேர்வையில ஒரு ஓரம் நனைஞ்சிருக்குது. என்ற வேர்வை.

இதைத்தான் வந்ததுல இருந்து கை காட்டிட்டு இருந்தீங்களா? அந்த சுவிட்ச்சுக்குக் கை நீட்டுனது இதுக்குத்தானா? சொல்லியிருக்கலாமில்லீங்களா. சொன்னீங்களா? ஏறுனப்பவேவா?

அம்மணி, ஸ்டிக்கர் இருக்குது. படிச்சேன். ம். ம். என்ன? அந்தக் காகிதத்துல நான் கையெழுத்துப் போடப் போறனான்னா? அது உனக்கெப்படித் தெரியும்? லிஃப்ட் ஏன் நிக்குதுன்னு லோகநாதன் உங்கிட்டயும் கேட்டாரா. அப்பவும் நீ ஒண்ணும் சொல்லலையா? ஏன்? ஓ. கோளாறை நானே சொல்லட்டும்னா.

சரி. ஃபேனை நிறுத்தறேன். வச்சிரட்டுமா? என்ன?

வச்சிருச்சுங்க. கடைசியா என்ன சொல்லுச்சு தெரியுங்களா? "நீங்க ரெண்டு நிமிசம் கம்முனு இருங்க சார்"னுச்சு. கோவமாச் சொல்லலை. நான் சொல்ற மாதிரியேதான் சொல்லுச்சு.

நிறுத்துங்க, நீங்களே நிறுத்துங்க. உங்களுக்குத்தான் பழக்கம்.

எத்தனை அமைதியாயிருச்சு பாருங்க. இத்தனை நேரமும் அதுதான் கத்திட்டிருந்துச்சுன்னே தெரியலீங்களே. போர்டுக்கு மட்டும் தெரிஞ்சிருக்குது, அதுவும் தப்பாத் தெரிஞ்சிருக்குது. பாவம், அது என்ன செய்யும்? வடிகட்டி வைக்காம உட்டது நானு. இனி ரெண்டு நிமிசம். பேசுனாப் பரவாயில்லைன்னு நினைக்கறனுங்க, ஆடறதுதான் ஆகாது, பேச்சு வந்து காத்துல போறதுங்க, அது கூண்டை ஒண்ணும் பண்ணாது, நானே அந்த சென்சாரை எத்தனை தடவை தட்டித் தட்டிப் பார்த்திருக்கறன்...

காலா? என்ற காலா?

ஆமாங்க. ஆடுது. நான் பேசுனா அதுவும் சேர்ந்து தட்டுது. எனக்கே தெரியாது. இத்தனை வருசம் யாரும் சொல்லலை. சொல்லியிருப்பாங்க.

சரிங்க. மொதல்ல இருந்து.

கண்ணை மூடிக்கறனுங்க. நீங்க மணியைப் பார்த்துக்கங்க.

...

வந்துருச்சுங்களா? ஆடாம வந்துருச்சே. கதவு திறக்குது பாருங்க. ரெண்டாவது மாடி. யப்பா, காத்து.

இருங்க, நான் பையை எடுத்துத் தரட்டுங்களா? சரிங்க, நீங்களே எடுத்துக்கங்க. கண்ணை மூடிட்டு இருந்தப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுங்களா? அந்த அஞ்சாவது டீ. ஆறிப் போயி, மேல ஏடு கட்டி, சாயங்காலம் வரைக்கும் மேசையிலயே இருந்துச்சு. அந்தப் புள்ளைதான் எடுத்துக் கழுவி வச்சுச்சு. நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்.

நாப்பது லிஃப்ட்டுங்க. ஒவ்வொண்ணுலயும் உங்களாட்டம் ஒருத்தங்க, பையோட. எல்லாத்துலயும் ஸ்டிக்கர் இருக்குமுங்களா? அதை மறைச்சுக்கிட்டு என்னையாட்டம் ஒருத்தன் நிக்காம இருப்பானுங்களா?

உங்க பேரைக்கூட நான் கேட்கலீங்க. ஏனுங்க?

படியேறிட்டாங்க.

போன் வேற. ஆமாங்க லோகநாதன், சென்னியப்பன்தான். ரெண்டாவது மாடியில இருக்கறன். பேனாவா? வேண்டாமுங்க. காகிதத்தை அப்படியே வைங்க, நான் வந்து பேசிக்கறன். பேசறதில்லை, சொல்லிடறன். துளசிமணிக்கும் போன் போட்டு வைங்க, அதுவும் லைன்ல இருக்கட்டும். இல்லீங்க, லிஃப்ட்டு ஓடுது. இப்ப நல்லாத்தான் ஓடுது.

நான் படியில வர்றனுங்க.